வெட்ட வெட்டத் துளிர்த்த ஆப்பிள்

ஜெஸ்ஸி ஹையட் வரிசை பிசகாமல் மரம் வைக்கிறவர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மேடிசன் கவுண்டியில், பெரு என்ற சிற்றூருக்கு அருகே அவருடைய பழத்தோட்டம் இருந்தது. 1870களில் ஒரு வசந்த காலத்தில், இரண்டு வரிசைகளுக்கு நடுவே தானாக முளைத்திருந்த ஓர் ஆப்பிள் கன்று அவர் கண்ணில் பட்டது. அவர் வைத்த கன்று இல்லை. வரிசையிலும் இல்லை. வெட்டிப் போட்டார். மறு ஆண்டு அதே இடத்தில் முன்பைவிடத் திடமாகத் துளிர்த்திருந்தது. மறுபடியும் வெட்டினார். அதற்கடுத்த ஆண்டும் வந்து நின்றது. இத்தனை வைராக்கியமாக வாழப் பார்க்கிற மரம் வாழ்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாராம்.

குடும்பத்துக் கதைகளில் வழக்கமாக ஏறும் மெருகு இதிலும் ஏறியிருக்கும். ஆனால் மரம் பொய்யில்லை. அந்த ஒற்றை மரத்தின் கிளைகள்தான் இன்று இமாச்சலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகளில் தோட்டம் தோட்டமாக நிற்கின்றன. அதன் பழம்தான் ஆவணியிலும் புரட்டாசியிலும் லாரி லாரியாகச் சென்னைக்கு வந்து இறங்குகிறது. அயோவாவிலிருந்து கோயம்பேட்டுக்கு அது வந்த வழியில் தொலைந்துபோன ஒரு பெயர்ச்சீட்டு உண்டு, ஒரு பூகம்பம் உண்டு, ஒரு சிறைவாசமும் உண்டு.

ஹையட் 1826ல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். போர் கூடாது, ஆடம்பரம் கூடாது, மனிதனை மனிதன் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்பவர்கள் குவேக்கர்கள். மேற்கே நிலம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிய காலம் அது. 1850களில் ஹையட்டும் அயோவாவுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் அல்ல. சாக், மெஸ்க்வாகி என்ற இரண்டு பழங்குடி மக்கள் வாழ்ந்த மண். 1842ல் போடப்பட்ட ஒப்பந்தத்தின்படி அவர்கள் அயோவாவில் மிச்சமிருந்த தங்கள் நிலத்தையெல்லாம் அமெரிக்க அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1845ல் வெளியேறும்படி கெடு. கெடு முடிந்த சில ஆண்டுகளிலேயே அங்கே ஆப்பிள் வரிசைகள் எழுந்துவிட்டன. முன்குடியேறிகளின் உழைப்பைப் பாராட்டி எழுதப்படும் சரித்திரங்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடும். மரத்தின் கதையைச் சொல்கிறவன் மண் யாருடையது என்பதையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

குடியேறிகளுக்கு ஆப்பிள் வெறும் பழமாக இருக்கவில்லை. ஒஹையோ கம்பெனி என்ற நில நிறுவனம், தன்னிடம் நிலம் வாங்குகிறவர் மூன்று ஆண்டுகளுக்குள் 50 ஆப்பிள் மரங்களும் 20 பீச் மரங்களும் வைத்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஆப்பிள் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்கிறவன் பாதியில் ஓடிப்போக மாட்டான் என்று கணக்கு. பழத்தைப் பிழிந்து சைடர் ஆக்கினார்கள். புளிக்கவிட்டு வினிகர் எடுத்தார்கள். துண்டு போட்டுக் காயவைத்தார்கள். நிலவறையில் வைத்தால் பனிக்காலம் முழுவதும் கெடாமல் இருந்தது. பச்சையாகக் கடித்துத் தின்ன நன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பிற்பாடு வந்தது.

ஹையட் விட்டுவைத்த மரம் காய்ப்புக்கு வரச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயிற்று. பழம் விசித்திரமாக இருந்தது. அன்றைய ஆப்பிள்கள் உருண்டையாக இருக்கும். இதுவோ தோள் அகன்று அடி குறுகி நீண்டிருந்தது. அடியில் ஐந்து முண்டுகள். மஞ்சள் தோலில் சிவப்புக் கீற்றுகள். கடித்தால் தித்திப்பு, கூடவே நல்ல வாசனை. ஹையட் அதற்கு ஹாக்ஐ என்று பெயர் வைத்தார். அயோவாவின் செல்லப்பெயர் அது. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார், கன்றுக்காரர்களிடம் காட்டினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் மிசௌரி மாநிலத்தில் லூசியானா என்று ஓர் ஊர். இந்த ஆப்பிளின் கதையை எழுதும் நம் ஊர்க்காரர்களில் சிலர் இந்த இடத்தில் சறுக்கி, ஆப்பிள் லூசியானா மாநிலத்திலிருந்து வந்ததாக எழுதிவிடுகிறார்கள். அந்த மாநிலத்தின் புழுக்கத்தில் இந்த மரத்துக்கு வேலை இல்லை. லூசியானா ஊரில் 1816 முதல் ஸ்டார்க் குடும்பத்தின் நாற்றங்கால் இருந்தது. புதிய பழ வகைகளைத் தேடி அவர்கள் 1893ல் ஒரு போட்டி நடத்தினார்கள். ஹையட் நான்கு பழங்களை அனுப்பிவைத்தார். நிறுவனத்தின் தலைவர் கிளாரன்ஸ் ஸ்டார்க் ஒன்றைக் கடித்துப் பார்த்தவுடன் இதுதான் என்று தீர்மானித்துவிட்டார். ஏதாவது ஒரு பழத்துக்கு வைக்கலாம் என்று அவர் குறித்துவைத்திருந்த பெயர் டெலிஷியஸ். அந்தப் பெயருக்குப் பழம் கிடைத்துவிட்டது. ஆனால் அனுப்பியவரின் பெயரும் முகவரியும் எழுதியிருந்த சீட்டைக் காணோம். அடுத்த போட்டிக்கு அந்த ஆள் மறுபடியும் அனுப்ப மாட்டாரா என்று ஓர் ஆண்டு காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. 1894ல் ஹையட் மறுபடியும் அனுப்பினார்.

மரத்தைப் பெருக்கி விற்கும் உரிமையை ஸ்டார்க் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஹையட் 1898ல் காலமானார். தன் பழம் உலகம் சுற்றியதை அவர் பார்க்கவில்லை.

இங்கே ஆப்பிளின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் வராது. ஒவ்வொரு விதையும் தனிப் பிறவி. பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமாகத்தான் தேறும். நல்ல மல்கோவாவின் கொட்டையை ஊன்றிவிட்டு அதே மல்கோவாவை எதிர்பார்த்து ஏமாந்தவர்களுக்கு இது புரியும். அதே பழம் வேண்டும் என்றால் அதே மரத்தின் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டுவது ஒன்றே வழி. அப்படி ஒட்டிய மரத்திலிருந்து மறுபடி குச்சி, அதிலிருந்து மறுபடி. ஆகவே உலகத்தில் எந்த மூலையில் டெலிஷியஸ் மரம் நின்றாலும் அது ஹையட் மரத்தின் வாரிசு அல்ல, ஹையட் மரமேதான். ஊர் ஊராக நீண்டுகொண்டே போகும் ஒரே மரத்தின் கிளை. 1940ல் அயோவாவில் அடித்த கடும் குளிரில் பெருவின் தாய்மரம் பட்டுப்போனது. அதன் வேரிலிருந்து மீண்டும் தளிர் வந்தது. பழக்கதோஷம்.

ஸ்டார்க் குடும்பம் விற்பனையில் கெட்டி. தபாலில் வீடு வீடாகப் போகும் வண்ண விலைப்பட்டியல்கள்தான் அவர்களுடைய ஆயுதம். 1914ல் மேற்கு வர்ஜீனியாவின் கிளே கவுண்டியில் ஒரு மஞ்சள் ஆப்பிள் மரத்தை 5,000 டாலருக்கு வாங்கி, யாரும் குச்சி திருடாமலிருக்க அதைச் சுற்றிக் கூண்டு போட்டு, திருட்டு மணியும் மாட்டினார்கள். அதற்கு கோல்டன் டெலிஷியஸ் என்று பெயர் வைத்ததும் பழையது ரெட் டெலிஷியஸ் ஆயிற்று. பெயரில்தான் உறவு, இரண்டும் சொந்தக்காரர்கள் அல்ல. ஆனால் தோட்டத்தில் இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டியவை. டெலிஷியஸ் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு வகை ஒன்று பக்கத்தில் பூத்தால்தான் தேனீ புண்ணியத்தில் காய் பிடிக்கும். கோல்டன் அதற்கு நல்ல துணை.

மரம் இந்தியாவுக்கு வந்த விதத்தைச் சொல்ல, பழத்தோடு சம்பந்தமே இல்லாத ஓர் இளைஞனிடம் போக வேண்டும்.

சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ் 1882ல் பிலடெல்பியாவில் பிறந்தார். இவரும் குவேக்கர் குடும்பம், ஆனால் பணக்காரக் குடும்பம். தந்தை லிஃப்ட் தயாரிக்கும் தொழிலதிபர். பிள்ளைக்குத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. இந்தியாவில் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்யும் ஒரு மருத்துவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1904ல் 21 வயதில் கப்பலேறினார். சிம்லா மலையின் கீழ்ப்பக்கம் உள்ள சுபாத்து ஊரின் தொழுநோயாளர் இல்லத்தில் வேலை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி காங்ரா பள்ளத்தாக்கைப் பூகம்பம் புரட்டிப்போட்டது. ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். இளைஞர் ஸ்டோக்ஸ் நிவாரண வேலைக்கு அங்கே ஓடினார்.

பிறகு சிம்லாவுக்கு அப்பால், இந்துஸ்தான்–திபெத் சாலையை ஒட்டிய கோட்கருக்கு வந்து சேர்ந்தார். கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரம். கீழே ஆழத்தில் சட்லெஜ் ஓடுகிறது. கோட்டையும் தொப்பியையும் கழற்றிவிட்டுக் காவி கட்டிக்கொண்டு, புனித பிரான்சிஸின் வழியில் கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தார். தமிழ்நாட்டுக் கிறித்தவர்களுக்கு நன்கு அறிமுகமான சாது சுந்தர் சிங் அப்போது அவரோடு சேர்ந்து அலைந்தவர். 1910ல் ஸ்டோக்ஸ் ஒரு துறவற சகோதரத்துவமே தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் அதை விட்டும் விலகினார். துறவியாக இருக்கிறவரை கிராமத்தார் கும்பிடுவார்கள், ஆனால் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. 1912ல் கோட்கர் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரக் கிறித்தவக் குடும்பத்துப் பெண் ஆக்னஸை மணந்தார். பழைய தேயிலைத் தோட்ட நிலம் ஏறக்குறைய 200 ஏக்கரைத் தானேதார் என்ற ஊரின் அருகே வாங்கி வீடு கட்டினார். வீட்டுக்கு ஹார்மனி ஹால் என்று பெயர்.

சாமியார் விவசாயி ஆனார். முதலில் கோதுமை, பார்லி, பட்டாணி என்று ஊரார் செய்ததையே புதிய முறையில் செய்து பார்த்தார். சரிவில் வெட்டிய சிறு சிறு படிவயல்களில் எவ்வளவு உழைத்தாலும் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காணாது. கடைக்காரனிடம் கடன், கடனுக்கு வட்டி. இந்த மண்ணுக்கும் இந்தக் குளிருக்கும் ஏற்ற பணப்பயிர் வேறு என்ன என்று தேடித்தான் ஆப்பிளுக்கு வந்தார்.

ஸ்டோக்ஸ்தான் இமாச்சலத்துக்கு ஆப்பிளைக் கொண்டுவந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரியல்ல. அவர் பிறப்பதற்கு முன்பே, 1870ல் கேப்டன் லீ என்ற ஆங்கிலேயர் குலு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் ஆப்பிள் தோட்டம் போட்டிருந்தார். 1887ல் அலெக்ஸாண்டர் கௌட்ஸ் சிம்லாவுக்குப் பக்கத்தில் மஷோப்ராவில் போட்டார். ஆனால் அவை இங்கிலாந்து வகைகள். ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்ற புளிப்பு, சமைத்தும் பணியாரத்தில் வைத்தும் தின்பதற்கானவை. சிம்லா கோடைவாச துரைமார்களைத் தாண்டி அவற்றுக்குச் சந்தை கிடையாது. ஸ்டோக்ஸ் செய்த காரியம் வேறு. இந்தியன் காசு கொடுத்து வாங்கித் தின்னக்கூடிய இனிப்பான ஆப்பிள் எது என்று யோசித்து, ஸ்டார்க் நாற்றங்காலின் டெலிஷியஸைத் தேர்ந்தெடுத்து 1916ல் தன் தோட்டத்தில் வைத்தார். 1921ல் அவருடைய தாய் கிறிஸ்துமஸ் பரிசாகக் கோல்டன் டெலிஷியஸ் கன்றுகளை அனுப்பிவைத்தார். ஹையட்டின் மரத்துக்குத் துணையும் கடல் கடந்து வந்து சேர்ந்தது.

கன்று வைத்துவிட்டுப் பழத்துக்குக் காத்திருந்த அந்த ஆண்டுகளில் அவர் தோட்டத்தில் அடைந்து கிடக்கவில்லை. மலையில் பேகார் என்று ஒரு வழக்கம் இருந்தது, நம் பக்கத்து வெட்டிவேலைதான். வெள்ளை அதிகாரியோ அவருடைய விருந்தாளியோ வேட்டைக்காரரோ சாலையில் வந்தால் கிராமத்தார் தங்கள் அறுவடையைப் போட்டுவிட்டு அவர்களுடைய மூட்டையைச் சுமக்க வேண்டும். கூலி இல்லை, அல்லது பேருக்குக் கொஞ்சம். ஸ்டோக்ஸ் கிராமங்களைத் திரட்டினார், மனு எழுதினார், பத்திரிகைகளில் எழுதினார், சுமக்க மாட்டோம் என்று சொல்லவைத்தார். 1921ல் அரசாங்கம் இறங்கிவந்தது. ஆப்பிளைவிட இதுதான் அவர் கோட்கருக்குச் செய்த பெரிய உபகாரம் என்பது என் அபிப்பிராயம். சுமை சுமக்கப் பிடித்துக்கொண்டு போகிறவன் இருக்கும்வரை எந்தக் குடியானவனும் ஏழெட்டு ஆண்டு கழித்துக் காய்க்கும் மரத்தை நம்பி வைக்க மாட்டான்.

அங்கிருந்து காங்கிரசுக்கு ஓரெட்டுதான். கதர் உடுத்தினார். நாகபுரி காங்கிரசுக்குப் போனார். அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் உறுப்பினரான ஒரே அமெரிக்கர் அவர். பிரிட்டிஷ் அரசின் சிவில் உத்தியோகத்தையும் ராணுவ உத்தியோகத்தையும் இந்தியர்கள் விட்டுவிட வேண்டும் என்று 1921ல் காந்தியும் பிற தலைவர்களும் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் இந்தியர் அல்லாதவர் ஸ்டோக்ஸ் ஒருவரே. அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி வாகாவில் கைதானார். ஆறு மாதச் சிறை, லாகூரில். காந்தி அதைப் பற்றி யங் இந்தியா பத்திரிகையில் எழுதினார். ஹையட் போட்டிக்கு அனுப்பிய பழத்தை இந்தியாவில் ஊன்றியவர் ராஜத்துரோகக் குற்றவாளியாக உள்ளே இருந்தபோது, மரங்கள் தானேதாரில் தங்கள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தன.

1920களின் நடுவில் கோட்கர் பழம் சந்தைக்கு வரத் தொடங்கியது. மோட்டார் வராத காலம். சிம்லாவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர். கோவேறு கழுதை மேலும் மனிதர்கள் முதுகிலும் போய்ச்சேர வேண்டும். போய்ச்சேர்ந்த பழம் நல்ல விலைக்குப் போயிற்று. ஆனாலும் ஊரார் உடனே கன்று கேட்டு வரிசையில் நின்றுவிடவில்லை. கோதுமை விளைகிற வயலில் மரம் வைத்தால் அது காய்க்கிற வரைக்கும் பிள்ளைகளுக்கு என்ன போடுவது? பழம் தின்று வயிறு நிறையுமா? நியாயமான கேள்விகள். ஸ்டோக்ஸ் கன்றுகளை இலவசமாகவே கொடுத்தார். ஒட்டுக்கட்டவும் கவாத்து செய்யவும் கற்றுக்கொடுத்தார். முன்பு கடனுக்கு அலைந்த ஒருவன் பழம் விற்றுப் பணம் எண்ணுவதைப் பார்த்த பிறகு பக்கத்து வீட்டுக்காரனுக்கு உபதேசம் தேவைப்படவில்லை.

ஸ்டார்க் நிறுவனம் கூண்டு போட்டுக் காத்த வகைகளை இவர் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். இரண்டும் இல்லாமல் அந்த மரம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டார்க்கின் வியாபார மூளை இல்லையென்றால் ஹாக்ஐ அயோவாவிலேயே செத்திருக்கும். அதே மூளை கோட்கரில் வேலை செய்திருந்தால் இமாச்சலத்தில் ஒரு பண்ணையாரும் ஆயிரம் கூலிகளும் மிஞ்சியிருப்பார்கள். இன்று அங்கே தோட்டம் வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிறு விவசாயிகள். தேயிலை மலைகளின் வரலாறு தெரிந்த நமக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

இறந்துபோன தன் மகன் தாராவின் நினைவாக 1924ல் அவர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். உபநிடதங்களிலும் கீதையிலும் ஆழ்ந்து, 1932ல் ஆரிய சமாஜ முறையில் இந்துவாகி சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். ஆக்னஸ் பிரியதேவி ஆனார். மிஷனரியாக வந்தவர் இப்படி ஆனது பழைய நண்பர்கள் பலருக்குத் தாங்கவில்லை. 1937ல் தானேதாரில் பரம்ஜோதி மந்திர் என்ற கோயில் கட்டினார். மர வேலைப்பாட்டில் உபநிடத, கீதை வாசகங்கள் பொறித்த கோயில் அது. 1946 மே 14ஆம் தேதி காலமானார். நாடு விடுதலை அடைய இன்னும் ஓர் ஆண்டும் சில மாதங்களும் இருந்தன. பேத்தி ஆஷா சர்மா எழுதிய வாழ்க்கை வரலாறு 1999ல் ஆங்கிலத்தில் வந்தது. மருமகள் வித்யா ஸ்டோக்ஸ் பிற்காலத்தில் இமாச்சல அரசியலில் அமைச்சராகவும் இருந்தார்.

மரம் அதன்பிறகு வேகம் பிடித்தது. சாலை வந்தது, லாரி வந்தது, தனி மாநிலம் வந்தது. பெட்டி செய்யவே தேவதாரு இனக் காடுகளை வெட்டித் தள்ளிய ஒரு காலகட்டமும் வந்தது. பிறகு அரசாங்கம் தலையிட்டு அட்டைப்பெட்டிக்கு மாற்றியது. 2010ல் இமாச்சலத்தில் விளைந்த ஆப்பிள் ஏறக்குறைய 9 லட்சம் டன். இடையில், ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியதன் விலையையும் கொடுத்தார்கள். 1983ல் ஸ்கேப் என்ற பூஞ்சை நோய் தோட்டம் தோட்டமாகப் பரவியபோது டெலிஷியஸ் மரங்கள் எல்லாமே ஒரே மாதிரி சிக்கின. ஒரே உடம்பு, ஆகவே ஒரே நோய்.

தெற்கே வந்த பழத்துக்கு சிம்லா ஆப்பிள் என்று பெயர். முன்பு கொத்தவால்சாவடி, 1996க்குப் பிறகு கோயம்பேடு. ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போவது என்றிருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கொடைக்கானலிலும் ஆப்பிள் மரம் காய்க்கும். ஆனால் டெலிஷியஸ் வகைக்குப் பனிக்காலத்தில் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆயிரம் மணிநேரத்துக்கு மேல் உறக்கம் தேவை. நம் மலைகளில் அது தேறாது. அதனால் வடக்கேயிருந்து வந்தே ஆக வேண்டும்.

1999ல் இறக்குமதி தாராளமானதும் கடைகளில் ஒரு புது ஆப்பிள் உட்கார்ந்தது. வாஷிங்டன் ஆப்பிள். கரும்சிவப்பு, மெழுகுப் பளபளப்பு, ஸ்டிக்கரில் 4015 அல்லது 4016 என்று ஓர் எண். சிம்லாவைவிட அதிக விலை, வெளிநாட்டுச் சரக்கு என்ற மரியாதை வேறு. அந்த இரண்டு எண்களும் ரெட் டெலிஷியஸுக்கு உரியவை. கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விலையில் குவித்துவைத்திருந்தது ஜெஸ்ஸி ஹையட்டின் ஒரே மரத்துப் பழங்களை. ஒன்று மேற்கே வாஷிங்டன் மாநிலம் வழியாக வந்தது. மற்றது ஸ்டோக்ஸ் வழியாக வந்தது.

உண்மையில் இரண்டில் தேய்ந்துபோனது விலை அதிகமானதுதான். டெலிஷியஸ் மரத்தில் அவ்வப்போது ஒரு கிளை மட்டும் கூடுதல் சிவப்பாகக் காய்க்கும். 1920களில் நியூ ஜெர்சியில் அப்படி ஒரு கிளை கண்டுபிடிக்கப்பட்டது. அதையும் ஸ்டார்க் வாங்கிப் பெருக்கியது. இமாச்சலத்தார் ராயல் டெலிஷியஸ் என்பது அந்த வகைதான். அமெரிக்கர்கள் அதோடு நிற்கவில்லை. இன்னும் சிவப்பு, இன்னும் தடித்த தோல், அடிபடாமல் ஆயிரம் மைல் போகும் உடம்பு என்று பொறுக்கிக்கொண்டே போனார்கள். 1980களில் வாஷிங்டன் மாநில விளைச்சலில் ஏறக்குறைய முக்கால் பங்கு ரெட் டெலிஷியஸ். நிறம் முந்திக்கொண்டு வருவதால் பழுக்கும் முன்பே பறிக்க முடிந்தது. சர்க்கரை ஏறும்வரை யாரும் காத்திருக்கவில்லை. கண்ணுக்கு அழகு, வாயில் மாவு. அமெரிக்க மக்கள் மெல்ல மெல்ல வாங்குவதை நிறுத்தினார்கள். 2018ல், ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக முதலிடத்தில் இருந்த ரெட் டெலிஷியஸைக் காலா ஆப்பிள் கீழே தள்ளிவிடும் என்று அமெரிக்க ஆப்பிள் சங்கம் அறிவித்தது. உள்ளூரில் விலைபோகாத சரக்கு ஏற்றுமதிக்கு மிஞ்சியது. அதைத்தான் நாம் கூடுதல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். 2019ல் இந்தியா அமெரிக்க ஆப்பிள் மீதான வரியை 50 சதவீதத்திலிருந்து 70 ஆக்கியபோது வாஷிங்டன் தோட்டக்காரர்கள் பதறியதற்குக் காரணம் இதுவே. 2023ல் அது பழையபடி 50க்கு இறங்கியது.

இமாச்சலத்துக்கும் கஷ்டகாலம்தான். பனி குறைகிறது, மரத்துக்கு உறக்கம் போதவில்லை. ஆப்பிள் மேலே மேலே ஏறி கின்னௌர், ஸ்பிட்டி உயரங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தாழ்வான தோட்டங்களில் குளிர் குறைவாகக் கேட்கும் வகைகளையும், குட்டை வேர்ச்செடியில் நெருக்கி வைக்கும் காலா மரங்களையும் நடுகிறார்கள். நூறு ஆண்டுகள் ஒரு மலைக்குச் சோறு போட்ட மரத்தைக் கழற்றிவிடுகிறார்களே என்று வருத்தப்படத் தேவையில்லை. 1916ல் புளிப்பு வகைகளைத் தள்ளிவிட்டு இனிப்பைத் தேர்ந்தெடுத்த ஸ்டோக்ஸ் இன்றிருந்தால் அவரும் அதைத்தான் செய்வார்.

ஆனால் பழைய மரங்கள் நிற்கும்வரை சிம்லா ஆப்பிள் வரும். வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் அதற்குப் பருவம். மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருவது. முழுக்க ஒரே கரும்சிவப்பாக மின்னுவதை விட்டுவிட்டு, மஞ்சள் அடியில் சிவப்புக் கீற்று ஓடியதைப் பொறுக்குங்கள். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் பதியக் கூடாது. வாங்கியதை வெளியே கூடையில் அழகுக்கு வைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், இந்த வகை சீக்கிரம் மாவாகும். விலை குறைவு என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹையட்டின் பழத்துக்கு இரண்டில் நெருங்கிய ருசி இதில்தான் மிச்சமிருக்கிறது.